அடிக்கவில்லை, குடிக்கவில்லை, பேசவுமில்லை

எய்யா,

ஒரே கூரைக்குக் கீழே இருக்கும் மகனுக்கு நான் கடிதம் எழுதுவேன் என்று எந்த ஜோசியராவது சொல்லியிருந்தால், கொடுத்த தட்சிணையைத் திருப்பிக் கேட்டிருப்பேன். நீ முன்னறையில் இருக்கிறாய். நான் அடுக்களையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நடுவில் ஒரு கதவு இருக்கிறது. நான் வாயைத் திறந்தால் நீ கூட்டிவைக்கிற டிவி சத்தமும் இருக்கிறது. உன் பெண்டாட்டி கோமதி பெட்டியை எடுத்துக்கொண்டு களக்காட்டில் அவள் அப்பா வீட்டுக்குப் போனது மழைக்காலத்தில். நீ என்னிடம் பேச்சை நிறுத்தியது பொங்கல் கழிந்து. இப்போது வெயில் ஏறிவிட்டது. வாயால் சொன்னால் நீ எழுந்து போய்விடுகிறாய் என்பதால் எழுதி மேசைமேல் வைக்கிறேன்.

வருகிற வியாழக்கிழமை காலையில் கோமதி எங்கள் குடும்ப ஆலோசனை ஆபீசுக்கு வந்து உட்காருவாள். எதிர் நாற்காலி உனக்கு. என்னோடு வேலை பார்க்கும் ஜெபா உனக்குப் போன் செய்து பார்த்துவிட்டாள், நீ எடுக்கவில்லை. அவள் இனிமேல் கூப்பிடமாட்டாள். வா என்று சொல்வதோடு எங்கள் வேலை முடிந்தது, கையைப் பிடித்து இழுத்துவருவது எங்கள் வழக்கமில்லை. நீ வராவிட்டால் கோமதி வக்கீலைப் பார்க்கப் போகிறாளாம். இதை ஜெபா எனக்குச் சொல்லவில்லை. கோமதியின் அப்பாதான் போன வாரம் ஒரு சீப்பு ஏத்தன் பழத்தோடு வந்து சொல்லிவிட்டுப் போனார். நீ வேலையில் இருந்தாய். பழத்தை மட்டும் தின்றாய், யார் கொண்டுவந்தது என்று கேட்கவில்லை.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பது உனக்கு ஒருநாளும் சரியாகப் பிடிபட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் டீச்சர் கேட்டபோது, "சண்டை தீர்க்கிற ஆபீஸ்ல இருக்காவ" என்று சொல்லிவிட்டு வந்தாய். அதில் பாதிதான் உண்மை. சண்டை தீர்ப்பதற்கு ஊரில் நாட்டாமைகளுக்கா பஞ்சம்? எங்களிடம் வருகிறவர்களும் முதலில் அதைத்தான் எதிர்பார்ப்பார்கள். உட்கார்ந்ததும், "தப்பு யார் மேலன்னு நீங்களே சொல்லுங்க" என்பார்கள். நாங்கள் சொல்வதில்லை. ஒருமுறை இரண்டு பெண்கள் ஒரே காலையில் வந்தார்கள். இரண்டு பேரும் சொன்னது ஒன்றேதான், மாமியார் பீரோ சாவியைத் தருவதில்லை. அவர்கள் சொன்னதையெல்லாம் எழுதி முடித்துப் பார்த்தால் ஒருத்திக்குச் சாவி வேண்டும். இன்னொருத்திக்குச் சாவி வேண்டவே வேண்டாம், 'உன்கிட்ட இருக்கட்டுமா தாயி' என்று அந்த அம்மாள் ஒரு வார்த்தை கேட்டால் போதும். ஒருத்தியின் மருந்தை இன்னொருத்திக்குக் கொடுத்திருந்தால் இரண்டு வீடும் கெட்டிருக்கும். ஒவ்வொரு ஆளையும் தனி ஆளாகப் பார் என்பதுதான் இந்த வேலையின் முதல் பாடம்.

பெண்டாட்டியை அடித்த ஒருவனுக்கு நான் ஃபேன் போட்டுத் தண்ணீர் கொடுத்ததை உன் அப்பா ஒருமுறை பார்த்துவிட்டார். என்னைக் கூட்டிப்போக வந்தவர், வாசலிலேயே சத்தம் போட்டார். "அடிக்கிற பயலுக்கு ஃபேன் வேறயாட்டீ? நல்லா இருக்கு உங்க நியாயம்!" நான் சொன்னேன், "ஃபேன் மனுசனுக்கு. அடிச்சதுக்கு இல்ல." வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் ஸ்கூட்டரில் அதைச் சொல்லிச் சொல்லி அவர் கேலி செய்தார். ஆனால் அதுதான் விஷயம். ஆளை ஏற்றுக்கொள்ளலாம், அவன் செய்ததை ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. இந்த இரண்டையும் பிரிக்கத் தெரியாதவர்கள் இந்த வேலைக்கு வந்தால் ஒன்று எல்லாரையும் வெறுப்பார்கள், இல்லையென்றால் எல்லாவற்றையும் மன்னித்துவிடுவார்கள். இந்தக் கடிதம் முழுவதும் நான் அதைப் பிரிக்கத்தான் படாதபாடு படுகிறேன். நீ என் பிள்ளை என்பதால் கைக்கு வரமாட்டேன் என்கிறது.

உன் அப்பா கண்ணை மூடும்வரை சத்தத்தால் வாழ்ந்த மனிதர். காப்பியில் சர்க்கரை குறைந்தால் தெருமுனை வரை கேட்கும். கூடிவிட்டால் அதற்கும் கேட்கும். கோபம் வந்த வேகத்தில் போய்விடும், பத்து நிமிடத்தில் என்னையே கூப்பிட்டு, "நான் எதுக்குக் கத்துனேன்?" என்று கேட்பார். அந்தச் சத்தத்தில் இருந்த எனக்கு நீ அமைதியாக இருந்தது பெரிய நிம்மதியாக இருந்தது. அக்கம்பக்கத்தில் எல்லாரும் சொன்னார்கள், "பையன் வாயத் தொறந்து ஒரு சொல்லு சொல்ல மாட்டான், தங்கமான புள்ள." எனக்குக் காதில் தேன் பாய்ந்தது. பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளிடம் நான் தவறாமல் சொல்வது ஒன்று உண்டு. உங்களுக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் பிடித்ததெல்லாம் நல்லதாகத் தெரியும் என்பேன். எனக்கு அமைதி பிடிக்கும். அதனால் உன் அமைதி என்ன வகை என்று நான் பார்க்கவில்லை.

ஆடி அமாவாசைக்குப் பாபநாசம் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? நீ ஆறாவதோ ஏழாவதோ படித்தாய். உனக்கு மணிமுத்தாறு அணைக்குப் போக ஆசை. அப்பா, "தர்ப்பணம் குடுக்க வந்தோமா, அணை பாக்க வந்தோமாலே?" என்று அதட்டிவிட்டார். அதன்பிறகு நீ வாயே திறக்கவில்லை. அழவும் இல்லை. அம்பாசமுத்திரத்தில் பஸ் நின்றபோது அவர் இறங்கிப்போய் உனக்குப் பிடித்த முறுக்கு வாங்கிவந்தார். நீ வாங்கிக்கொண்டாய், தின்னவில்லை. திருநெல்வேலி வரும்வரை அதைக் கையிலேயே வைத்திருந்தாய், எண்ணெய் உன் சட்டையில் இறங்கிவிட்டது. வீட்டுக்கு வந்தும் நாட்கணக்கில் அப்படியே இருந்தாய். அவ்வளவு சத்தம் போடுகிற மனிதர் உன் முன்னால் என்ன செய்வதென்று தெரியாமல் அலைந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாம் மணிமுத்தாறில் இருந்தோம். "பய கெட்டிக்காரன்டீ. வாயத் தொறக்காமலே சாதிச்சுப்புட்டான்" என்று அவர் சிரித்தார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். பேசினால் கிடைக்காதது பேசாவிட்டால் கிடைக்கும் என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தது இந்த வீடுதான், நீயாகக் கற்றுக்கொள்ளவில்லை. உன்னை மட்டும் குறைசொல்ல எனக்கு வாய் வராததற்கு இது ஒரு காரணம்.

கோமதி இந்த வீட்டுக்கு வந்த புதிதில் எவ்வளவு பேசுவாள்! களக்காட்டில் யானை வந்து வாழையை மிதித்த கதை, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவள் சொன்ன கதை என்று அடுக்களை நிரம்பியிருக்கும். பிறகு ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போனவள் ஒருநாள் கூடுதலாகத் தங்கிவிட்டு வந்தாள். நீ பேச்சை நிறுத்தினாய். எதற்கென்று சொல்லவில்லை. கண்டுபிடிப்பது அவள் வேலை என்று விட்டுவிட்டாய். பாவம், அவள் தன் நாள் முழுவதையும் அலசிப்பார்ப்பாள். குழம்பா, சட்டை இஸ்திரியா, போனில் பேசிய பேச்சா? கடைசியில் என்ன தப்பு என்றே தெரியாமல் மன்னிப்புக் கேட்பாள். சில நாள் கழித்து நீயாக, "சோறு போடு" என்பாய். அவளுக்கு அன்றைக்குத் தீபாவளி. அப்புறம் உன் அத்தான் வீட்டுக் கல்யாணத்தில் யாரோ சொன்ன பகடிக்குச் சிரித்தாள் என்று மறுபடியும் வாயை மூடிக்கொண்டாய். ஒவ்வொரு முறையும் முந்தின முறையைவிட நீளம். வெளியே போனில் உன் பட்டறைக் கூட்டாளிகளோடு நீ விழுந்து விழுந்து சிரிப்பது எங்களுக்கு உள்ளே கேட்கும்.

ஒருநாள் அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள், "அத்தை, அவங்க எதுக்குக் கோவமா இருக்காங்கன்னு உங்களுக்கு ஏதும் தெரியுமா?" நான் சொன்ன பதிலை ஆபீசில் ஒரு பயிற்சிப் பிள்ளை சொல்லியிருந்தால் அவளை வெளியே கூப்பிட்டுக் கண்டித்திருப்பேன். "அவன் சுபாவம் அப்படி தாயி. பைய சரியாயிரும்" என்றேன். கேட்டவளின் வாயை அடைக்கும் ஆறுதல் அது. அவளுடைய பயத்தை நான் கேட்கவேயில்லை, மேலே மூடியைப் போட்டேன். வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியன் பிள்ளை நோயாளி என்பார்கள். அந்தப் பழமொழியில் என் தொழிலையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அவள் பெட்டி கட்டியபோது களக்காட்டில் அவள் அம்மாவே அவளைத்தான் ஏசினாளாம். அடிக்கிறானா? இல்லை. குடிக்கிறானா? இல்லை. வேறு பொம்பளை? இல்லை. "பேசாமதான இருக்கான், அதுக்கா வந்த? பேசாத புருசன் கிடைக்க குடுத்து வச்சிருக்கணும்ட்டீ!" என்றாளாம். பாரேன், அவள் மாட்டிக்கொண்ட இடத்தை. அடி என்றால் தழும்பைக் காட்டலாம். இதற்கு எதைக் காட்டுவது? வாயில் சொல்லவே ஒரு பெயர் இல்லாத துன்பத்தை யாரிடம் கொண்டுபோவது? அவள் கொண்டுபோகக்கூடிய ஒரே இடம் அவளுக்குத் தெரிந்திருந்தது. அது அவள் மாமியாரின் ஆபீஸ்.

கார்த்திகையில் ஒரு வியாழக்கிழமை வந்தாள். என் மேசைக்கு முன்னால் நின்றாள், உட்காரவில்லை. "அத்தை, இங்கன நான் உங்க மருமவளா வரல. ஒரு பொம்பளையா வந்திருக்கேன்" என்றாள். சொந்தக்காரர்களின் பிரச்சினையை நாங்கள் எடுக்கக் கூடாது. எவ்வளவு நேர்மையான ஆளாக இருந்தாலும் தராசில் கை பட்டுவிடும். ஜெபாவிடம் அனுப்பினேன். பிள்ளைக்கு வயது குறைவுதான், ஆனால் காது பெரியது. எங்கள் ஆபீசில் இரண்டு அறைக்கும் நடுவில் ஒரு பிளைவுட் தட்டி மட்டும்தான் இருக்கிறது என்பது உனக்குத் தெரியும். இந்தப் பக்கம் இருந்தால் அந்தப் பக்கம் மூச்சு விடுவது வரைக்கும் கேட்கும். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே இறங்கிவிட்டேன். அன்றிலிருந்து அவள் வருகிற வியாழக்கிழமைகளில் நான் வண்ணார்பேட்டைப் படித்துறையில் போய் உட்கார்ந்துகொள்வேன். துணி துவைக்கிறவர்கள், பைக் கழுவுகிற பையன்கள், குளித்துவிட்டுத் திருநீறு பூசுகிறவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்துப் பழகிவிட்டார்கள். "டீச்சரம்மா, இன்னிக்கும் லீவா?" என்று, என்னை டீச்சர் என்றே நினைத்திருக்கிற ஒரு அண்ணாச்சி கேட்பார். வேலை நேரத்தில் சொந்த ஆபீசிலிருந்து ஓடிவந்து ஆற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். அவள் போய்விட்டாள் என்று ஜெபா போனில் சொன்ன பிறகுதான் திரும்புவேன்.

அதனால்தான் சொல்கிறேன், அவள் அங்கே என்ன சொன்னாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இதை நீ நம்பவேயில்லை. தினமும் வேலையிலிருந்து வந்ததும், "அவ என்ன சொன்னா?" என்று கேட்டாய். தெரியாது என்றேன். ஜெபாவிடம் கேட்டுச் சொல் என்றாய். கேட்கமாட்டேன் என்றேன். எங்களிடம் வந்து ஒருத்தி வாயைத் திறக்கிறாள் என்றால், அந்தச் சொல் அந்த அறையை விட்டு அவள் அனுமதியில்லாமல் வெளியே போகாது என்கிற நம்பிக்கையில்தான். அந்த ஒன்று உடைந்தால் திருநெல்வேலியில் அப்புறம் ஒருத்தியும் எங்கள் படி ஏறமாட்டாள். மாட்டுப்பொங்கலுக்கு மறுநாள் நீ வெடித்தாய். "நீ எனக்கு அம்மாவா, அவளுக்கு ஆபீசரா?" என்றாய். நான் பழக்கதோஷத்தில், "உனக்கு ரொம்பக் கோவமா இருக்கு. நான் உன் பக்கம் இல்லேன்னு நினைக்கே, அப்படித்தானய்யா?" என்று கேட்டுத் தொலைத்தேன். எதிராளி சொன்னதின் உள்ளே இருப்பதைத் திருப்பிச் சொல்வது எங்களுக்கு மூச்சு விடுவது போலப் பழகிவிட்டது. நீ கத்தினாய், "என்னையும் கேஸாப் பாக்காத! எல்லா அம்மாவும் ஏசும், வையும். நீ சின்னதுல இருந்து 'உனக்கு என்ன தோணுது'ன்னு கேட்டே என்னைக் கொன்னுட்ட!" அதுதான் நீ என்னிடம் கடைசியாகப் பேசியது. நியாயமான ஏச்சுதான். அதற்குப் பதில் சொல்ல நீ இடம் கொடுத்திருந்தால் ஒத்துக்கொண்டிருப்பேன்.

அதன்பிறகு இந்த வீட்டில் நான் இருக்கிற இருப்பைச் சொல்கிறேன். சட்டை இஸ்திரி போட வேண்டுமென்றால் நாற்காலியில் கிடக்கும். சாம்பார் பிடிக்கவில்லையென்றால் கிண்ணம் என் பக்கம் தள்ளப்படும். நான் தேங்காய்த் துவையலா காரணம், போனில் பெரியம்மாவிடம் சொன்னதா காரணம் என்று யோசிக்க ஆரம்பித்தேன். உன் செருப்புச் சத்தம் கேட்டால் டிவியைக் குறைத்தேன். உன்னிடம் எதைச் சொல்வது, எப்படி ஆரம்பிப்பது என்று பாத்திரம் கழுவும்போது வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தேன். உனக்குப் பிடிக்கும் என்று கல்யாண வீட்டுக்குச் செய்வதுபோல் தேங்காய்ப்பால் பிழிந்து சொதி வைத்தேன். ஆபீசில் எத்தனை பேருடைய வீட்டுக்கதையைக் கேட்டிருப்பேன், என் சொந்த வீட்டில் மூச்சை அடக்கி நடமாடுகிறேன். பக்கத்து வீட்டில் சொல்லலாமா என்று நினைப்பேன். என்ன சொல்வது? மகன் பேசமாட்டேன் என்கிறான் என்றால், "வேலை அலுப்பா இருக்கும் மதினி" என்பார்கள். எழுந்து எங்கேயாவது போய்விடலாம் என்றால் இது என் வீடு, நீ என் மகன். எங்கே போவேன்?

போன மாதம் ஒருநாள் எனக்குத் தலை சுற்றியது. சுவரைப் பிடித்துக்கொண்டு உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். நீ ஓடிவந்தாய். என்னைக் கட்டிலில் உட்காரவைத்தாய். பிரஷர் மாத்திரையைப் பிரித்துக் கையில் கொடுத்தாய், வெந்நீர் கொண்டுவந்தாய், நான் விழுங்கும்வரை நின்றாய். ஃபேனைக் குறைத்துவைத்தாய். எல்லாம் செய்தாய். 'என்னம்மா செய்யுது' என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். அந்தக் கதவு சாத்துகிற சத்தத்தில் எனக்கு அழுகை வந்தது. உன்மேல் பயமும் வந்தது, ஐயா. நான் பெற்ற பிள்ளையைப் பார்த்து நான் பயந்தேன். அப்போதுதான் எனக்கு விளங்கியது. கோமதி ஜெபாவிடம் என்ன சொன்னாள் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை, நீயே சொல்லிவிட்டாய். அவள் இருந்த இடத்தில் இப்போது என்னை வைத்திருக்கிறாய்.

எங்கள் வேலையிலும் பேசாமல் இருப்பது ஒரு திறமைதான். புதிதாக வருகிறவர்களுக்கு அதுதான் ரொம்பக் கஷ்டம். எதிரே இருப்பவர் பேச்சை நிறுத்தினால் உடனே அடுத்த கேள்வியைப் போட்டுவிடுவார்கள். ஒரு பெண் வந்து பையின் காதை முறுக்கிக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, பேனாவைத் தொடவில்லை, முகத்தைத் திருப்பவில்லை. கடைசியில் அவள் சொன்ன முதல் வார்த்தை, "இவ்வளவு நேரம் என்கூட யாரும் இருந்ததில்ல." அந்த மௌனத்தில் நான் அவளோடு இருந்தேன். நீ பேசாமல் இருக்கும்போது எங்களோடு இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் வாயை மூடியிருப்பதுதான். அதனால்தான் இத்தனை வருஷம் வேலை பார்த்தும் நான் ஏமாந்துபோனேன்.

உன் மாமனார் வந்தாரே, அவர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். "மதினி, ஊருக்கெல்லாம் தீர்த்து வைக்கிய. உங்க மருமவளுக்கு ஒரு வார்த்தை சொல்லப்பிடாதா? நீங்க சொன்னா கேப்பா. கூட்டிட்டு வந்து விட்டிருதேன்." எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா? ஒரு போன் போட்டு, 'வந்திரு தாயி, நான் பாத்துக்கிடுதேன்' என்று சொன்னால் போதும், அவள் வந்தாலும் வந்துவிடுவாள். அவள் வந்தால் நீ என்னோடும் பேசிவிடுவாய். என் சிறைக்குச் சாவி அது. ஆனால் அவளை உள்ளே தள்ளித்தான் நான் வெளியே வர முடியும். அவள் வாழ்க்கையை அவள்தான் முடிவு செய்ய வேண்டும், நான் சொல்லமாட்டேன் என்றேன். "அப்ப உங்க மவன்ட்ட சொல்லுங்க" என்றார். அதுவும் அவன் முடிவு என்றேன். மனிதர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "நல்ல படிப்பு படிச்சிருக்கிய" என்று சொல்லிவிட்டுக் காப்பி குடிக்காமலே போய்விட்டார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பதை நான் அன்றைக்குத்தான் முழுசாக அனுபவித்தேன்.

மறுநாள் ஜெபாவிடம், எனக்கு ஒரு நேரம் கொடு என்று கேட்டேன். "எந்தக் கேஸுக்கு அக்கா?" என்றாள். எனக்குத்தான் என்றேன். எத்தனையோ பேரை உட்காரச் சொல்லிய அந்த நாற்காலியில் நான் போய் உட்கார்ந்தேன். அது இவ்வளவு தாழ்வாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது, மாற்றச் சொல்ல வேண்டும். பிள்ளை என்னைப் பார்த்து, "உங்களுக்கு என்ன வேணும்க்கா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியைக் கேட்டே சோறு தின்றவள் நான். "என் மவன் குரலைக் கேக்கணும்" என்றேன். "அதுக்கு இதுவரைக்கும் என்ன செஞ்சிருக்கீங்க?" என்றாள். "சமைச்சேன்" என்றேன். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அவள் துடைக்கச் சொல்லவில்லை, தட்டிக்கொடுக்கவில்லை, பைய சரியாயிரும் என்று சொல்லவில்லை. கூடவே இருந்தாள். எழுந்திருக்கும்போது, "இனி என்ன செய்யலாம்னு இருக்கீங்க?" என்று மட்டும் கேட்டாள். என்ன செய் என்று அவள் சொல்லவில்லை. அவள் சொல்லமாட்டாளா என்று எனக்கு எவ்வளவு ஏக்கமாக இருந்தது! நீ என்னைப் பார்த்துக் கத்தினாயே, அந்தக் கத்தலின் நியாயம் அந்த நாற்காலியில்தான் எனக்கு உறைத்தது.

அதனால் வேலையை ஒரு பக்கம் வைத்துவிட்டு, எல்லா அம்மாவும் சொல்வதுபோல் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். வியாழக்கிழமை போ. போய் உட்கார். கோமதி சொல்வதைக் கேள். குறுக்கே பேசாதே என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, அதில் நீ கெட்டிக்காரன். கேட்டு முடித்ததும் வாயைத் திற. கோபமாக இருந்தால் கோபமாக இருக்கிறது என்று சொல். அவள் ஊரில் ஒருநாள் கூடுதலாகத் தங்கியபோது உனக்கு உள்ளே என்ன செய்தது என்று சொல். விட்டுவிட்டுப் போய்விடுவாளோ என்று பயமாக இருந்ததென்றால் அதைச் சொல். சொல்லத் தெரியவில்லையென்றால் தெரியவில்லை என்று சொல், ஜெபா காத்திருப்பாள். பேசியதால் அவள் திரும்பி வந்துவிடுவாள் என்று நான் உனக்கு வாக்குக் கொடுக்க முடியாது. அவள் வரவில்லை என்று முடிவு செய்தால், அதையும் தாங்கிக்கொண்டு எழுந்து வா. அன்றைக்கு நான் லீவு போட்டிருக்கிறேன். ஆபீசில் இருக்கமாட்டேன், படித்துறையிலும் இருக்கமாட்டேன். வீட்டில் இருப்பேன். அங்கே என்ன பேசினீர்கள் என்று உன்னிடமும் கேட்கமாட்டேன்.

சொல்லிவிட்டேன். போவதும் போகாததும் உன் இஷ்டம், அதை உன்னிடமிருந்து பிடுங்க எனக்கு உரிமையில்லை. ஆனால் என் கையும் காலும் என் இஷ்டம் என்பதை நான் இவ்வளவு நாளும் மறந்துவிட்டேன். உன்னைப் போல் இல்லாமல் காரணத்தையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், நீ உட்கார்ந்து கண்டுபிடிக்க வேண்டாம். நீ வியாழக்கிழமை அங்கே போனாலும் போகாவிட்டாலும் சாயங்காலம் பேட்டைப் பட்டறையிலிருந்து வீட்டுக்கு வருவாய். வெளியே பைக்கை நிறுத்தி ஒரு ஹார்ன் அடிப்பாய். அந்தச் சத்தம் கேட்டால் அடுப்பில் பால் பொங்கினாலும் விட்டுவிட்டு ஓடிவந்து கேட்டைத் திறப்பேன். எனக்கு முன்னால் கோமதி அப்படித்தான் ஓடினாள். இனி ஹார்னுக்குத் திறக்கமாட்டேன். தாழ்ப்பாள் உள்ளே போட்டிருக்கும். பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன், எங்கேயும் போகமாட்டேன். தெரு பார்த்தால் பார்க்கட்டும்.

'அம்மா, திற' என்று சொல். கோபமாகச் சொன்னாலும் சரி. உன் அப்பாவைப் போல் தெருமுனை வரை கேட்கும்படி கத்தினாலும் சரி. மறுகணம் திறந்துவிடுவேன்.

அம்மா